ஓடாத படகுக்கும் செலவு உண்டு

 இங்கே புளியறையில் மாசி வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. அருவிகளில் தண்ணீர் குறைந்துவிட்டது.

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கணக்கும் இருக்கிறது. "சார் மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரு" என்று ஓடிவிட வேண்டாம். எட்டாம் வகுப்பில் நாம் போட்ட கூட்டல், பெருக்கல், சராசரிதான். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு குடும்பத்தின் 14 வருடச் சேமிப்பு மாட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பள்ளியில் படித்த ஒரு மாணவன் வளைகுடாவில் 14 வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறான். மனைவியின் ஊர் கொல்லம் பக்கம். மகள் பதினொன்றாம் வகுப்பு. பெயர் போட வேண்டாம் என்றான். மற்றதை எழுத அவனே அனுமதி கொடுத்தான். "நம்ம பயலுவளுக்கு உபயோகப்படட்டும் சார்" என்று சொன்னான்.

அவனுடைய திட்டம் இதுதான். கொல்லத்தில் அஷ்டமுடிக் காயலில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சுற்ற ஒரு ஜெட் படகு வாங்குவது. ஏற்கெனவே ஓடிய படகு. 100 குதிரைத்திறன் பெட்ரோல் என்ஜின், ஓட்டுநர் போக 4 பேர் உட்காரலாம். விலை 18 லட்சம். மாதக் கடைசிக்குள் 2 லட்சம் முன்பணம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று விற்பவர் அவசரப்படுத்தியிருக்கிறார். கையில் ஒரு தாளோடு என் வீட்டுக்கு வந்தான்.

தாளில் இருந்த கணக்கு: ஒரு நாளைக்கு 15 சவாரி, வருடத்துக்கு 300 நாள், மொத்தம் 4,500 சவாரி. ஒரு சவாரி 10 நிமிடம், ஆளுக்கு 300 ரூபாய் வீதம் 4 பேருக்கு 1,200. வரவு 54 லட்சம். பெட்ரோல் சவாரிக்கு 330 ரூபாய் வீதம் 14 லட்சத்து 85 ஆயிரம். ஓட்டுநர், உதவியாள் சம்பளம் 4 லட்சத்து 20 ஆயிரம். மிச்சம் 34 லட்சத்து 95 ஆயிரம். போட்ட பணம் ஆறே மாதத்தில் கைக்கு வந்துவிடும்!

கூட்டல் கழித்தலில் ஒரு தப்பும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்த பிள்ளை அல்லவா! ஆனால் கணக்குச் சரியாக இருப்பதும் எழுதிய எண்கள் சரியாக இருப்பதும் ஒன்றல்ல.

"என்னடே, இந்த 15 எங்க இருந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

"விக்கிறவரு சொன்னாரு சார்."

"300 நாளு?"

"அதும் அவருதான் சார்."

சரி, படகு எப்படி ஓடுகிறது என்பதிலிருந்தே ஆரம்பிப்போம் என்றேன். எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு குடிக்கும் என்று தெரியும்.

சாதாரண மோட்டார் படகுக்குப் பின்னால் தண்ணீருக்குள் விசிறி சுற்றும். ஜெட் படகில் வெளியே விசிறி கிடையாது. படகின் அடிவயிற்றில் ஒரு வாய் இருக்கும். அதன் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே இருக்கும் இம்பெல்லர் என்ற சக்கரம் அதை வேகமாகத் தள்ளி, பின்பக்கம் ஒரு குறுகிய குழாய் வழியே பீய்ச்சி அடிக்கும். தண்ணீர் பின்னால் போகிறது, படகு முன்னால் போகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. பலூனை ஊதி முடிச்சுப் போடாமல் விட்டு வகுப்பில் காட்டியது நினைவிருக்கும்.

இதைப் பயன்படுகிற வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் நியூசிலாந்தைச் சேர்ந்த பில் ஹாமில்டன். ஆட்டுப் பண்ணை வைத்திருந்த மனிதர். அந்த ஊர் ஆறுகள் வேகமானவை, ஆனால் ஆழமற்றவை. விசிறி வைத்த படகு கல்லில் இடித்து உடைந்துவிடும். அதற்காக 1950-களில் அவர் செய்த ஏற்பாடுதான் இது. 1960-ல் இப்படிப்பட்ட படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு வழியாக நீரோட்டத்தை எதிர்த்து மேலே ஏறின. நம் நாட்டுக்கும் வந்திருக்கின்றன. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1977-ல் மூன்று ஜெட் படகுகளோடு கங்கை கடலில் கலக்கும் இடத்திலிருந்து புறப்பட்டு, இமயமலையில் நந்தப்பிரயாகை அருகே படகு தாண்ட முடியாத ஓர் அருவி வரை போனார். அந்தப் படகுகளுக்கு கங்கா, கிவி, ஏர் இந்தியா என்று பெயர்.

ஆக, ஜெட் படகு உருவானதே ஆழமில்லாத, பாறை நிறைந்த, வேகமான ஆற்றுக்காக. அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. அதைத்தான் பெட்ரோல் பங்கில் கட்டுகிறோம்.

ஒரு சின்னக் கணக்கு. நொடிக்கு 100 கிலோ தண்ணீரை, நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பின்னால் தள்ளினால் கிடைக்கும் உந்து விசை 100 × 10 = 1,000 நியூட்டன். நொடிக்கு 50 கிலோவை மட்டும் எடுத்து 20 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் அதே 1,000 நியூட்டன்தான். ஆனால் செலவாகும் ஆற்றல் ஒன்றா? இயக்க ஆற்றலில் வேகம் இருமடியாக வரும். முதலாவதற்கு நொடிக்கு 5,000 ஜூல், இரண்டாவதற்கு 10,000 ஜூல். அதே தள்ளு, இரண்டு மடங்கு செலவு. பெரிய விசிறி நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுகிறது. ஜெட் கொஞ்சம் தண்ணீரை மிக வேகமாகத் தள்ளுகிறது. அதனால் சாதாரண வேகத்தில் ஜெட்டுக்குத் தாகம் அதிகம். மிக வேகமாகப் போகும்போதுதான் இந்த வித்தியாசம் குறையும்.

இன்னொன்றும் உண்டு. இதை நம் ஊர் லாரிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். புளியறையிலிருந்து எஸ் வளைவு ஏறிக் கோட்டைவாசல் போகும் வரை லாரி எப்படி டீசல் குடிக்கும்? மேலே போய்ச் சேர்ந்தபிறகுதான் என்ஜின் மூச்சு விடும். வேகப் படகும் அப்படித்தான். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அது தண்ணீரைப் பிளந்துகொண்டு, தானே எழுப்பிய அலையின் மேலே ஏற வேண்டும். அந்த ஏற்றம் முடிந்து தண்ணீரின் மேல்பரப்பில் வழுக்கி ஓட ஆரம்பித்த பிறகு பாரம் குறையும். ஆனால் பத்து நிமிடச் சுற்றுலா சவாரியில் என்ன நடக்கிறது? கிளம்பு, வேகம் எடு, வட்டமடி, நில், போட்டோ எடு, மறுபடி கிளம்பு. ஒரே சவாரியில் எஸ் வளைவை ஐந்து தடவை ஏறி இறங்குகிற மாதிரி.

இப்போது லிட்டர் கணக்குக்கு வருவோம். பெட்ரோல் படகு என்ஜின் முழு வேகத்தில் ஓடினால் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு லிட்டர் குடிக்கும். 100 குதிரைத்திறன் என்றால் மணிக்கு 30 முதல் 35 லிட்டர். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்திச் சீராக ஓட்டினால் அதில் ஏறக்குறைய பாதி போதும். படகுக்காரர்கள் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதில்லை, மணிக்கு எத்தனை லிட்டர் என்றுதான் கேட்பார்கள். நாம் பைக் மைலேஜ் பேசிப் பழகியவர்கள் என்பதால் அப்படியும் பார்த்துவிடுவோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் படகு மணிக்கு 35 லிட்டர் குடித்தால், லிட்டருக்கு 1.4 கிலோமீட்டர். அதே ஒரு லிட்டரில் உங்கள் பைக் 50 கிலோமீட்டர் போகும். அரசுப் பேருந்து 50 பேரை ஏற்றிக்கொண்டு லிட்டருக்கு 5 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டரில் 250 ஆள்-கிலோமீட்டர். ஜெட் படகில் 4 பேர், 1.4 கிலோமீட்டர், அதாவது 5.6 ஆள்-கிலோமீட்டர்.

நம் குற்றாலத்தில், ஐந்தருவி போகும் வழியில் வெண்ணமடைக் குளத்துப் படகுக் குழாமை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சீசனில் குளம் நிறைந்தால் மிதிபடகும் துடுப்புப் படகும் ஓடும். அங்கே எரிபொருள் செலவே கிடையாது, பயணியின் கால்தான் என்ஜின். நல்ல தெம்புள்ள மனிதர் தொடர்ந்து மிதித்தால் 75 வாட் அளவுக்குச் சக்தி கொடுப்பார். ஒரு குதிரைத்திறன் 746 வாட். அப்படியானால் 100 குதிரைத்திறன் என்பது ஏறக்குறைய 1,000 பேர் சேர்ந்து மிதிப்பது. நாலு பேரைச் சுற்றிக் காட்ட ஆயிரம் பேர் மிதிக்கிறார்கள்!

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். கேரள நீர்ப் போக்குவரத்துத் துறை 2017 ஜனவரியிலிருந்து வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே வேம்பநாட்டுக் காயலில் 'ஆதித்யா' என்ற சூரிய சக்திப் படகை ஓட்டுகிறது. 75 பேர் உட்காரலாம். அதற்கு இரண்டு மின் மோட்டார்கள், ஒவ்வொன்றும் 20 கிலோவாட். இரண்டும் சேர்ந்தாலே 54 குதிரைத்திறன்தான். ஒரு பயணிக்கு 533 வாட் வருகிறது. நம் மாணவன் பார்த்த ஜெட் படகில் ஒரு பயணிக்கு 18,650 வாட். 35 மடங்கு! வித்தியாசம் எங்கே இருக்கிறது? ஆதித்யா மெதுவாகப் போகிறது. தண்ணீரைப் பிளந்து போகும் படகின் வேகத்தை இரண்டு மடங்காக்க ஏறக்குறைய எட்டு மடங்கு சக்தி வேண்டும். அவசரப்படாதவனிடம் தண்ணீர் அதிகம் கேட்பதில்லை.

"அப்போ நான் மெதுவா ஓட்டுனா சரியாயிருமா சார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. இந்தத் தொழிலின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

வைக்கம் படகில் ஏறுகிறவருக்கு அக்கரை போக வேண்டும். பேருந்தில் ஏறுகிறவருக்குத் தென்காசி போக வேண்டும். எரிபொருள் அங்கே வழிச்செலவு. எவ்வளவு மிச்சப்படுத்தினாலும் பயணிக்குக் கவலை இல்லை, ஊர் போய்ச் சேர்ந்தால் சரி. ஜெட் படகில் ஏறுகிறவருக்குப் போய்ச் சேர வேண்டிய ஊர் எதுவும் இல்லை. ஏறின துறையிலேயே இறங்கப்போகிறார். அவர் 300 ரூபாய் கொடுப்பது அந்த வேகத்துக்கும், முகத்தில் அடிக்கிற தண்ணீருக்கும், அந்த ஒரு வட்டத்துக்கும்தான். நியூசிலாந்தில் குயின்ஸ்டவுன் ஊரில் 1960-களிலிருந்து இதுதான் வியாபாரம். படகை முழு வட்டமாகச் சுழற்றிக் காட்டுவார்கள். நம் முட்டுக்காட்டில் வேகப் படகில் ஏறும் பிள்ளைகளும் "இன்னும் வேகமா அண்ணா" என்றுதான் கத்துவார்கள். அப்படியானால் ஜெட் படகில் பெட்ரோல் என்பது செலவு மட்டும் இல்லை, விற்கும் சரக்கே அதுதான். டீக்கடைக்காரர் பாலை மிச்சப்படுத்தினால் என்ன ஆகும்? கொஞ்சம் வரை யாருக்கும் தெரியாது. அதற்கு மேல் போனால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். இங்கேயும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு அவனுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தேன். ஒரு வாரம் முழுவதும் ஏதாவது ஒரு படகுத்துறையில் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்து, ஒரு படகு எத்தனை சவாரி போகிறது என்று எண்ணி எழுதி வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடாது. செவ்வாய்க்கிழமையும் உட்கார வேண்டும்.

போனான். அவன் மனைவிதான் சாப்பாடு கட்டிக்கொடுத்து அனுப்பினாராம். வாரம் முடிந்ததும் நோட்டைக் கொண்டுவந்தான். திங்கள் 3, செவ்வாய் 2, புதன் 5, வியாழன் 4, வெள்ளி 4, சனி 11, ஞாயிறு 16. மொத்தம் 45. விற்பவர் சொன்ன கணக்குப்படி 105 இருக்க வேண்டும்.

இதுவும் மழையில்லாத நல்ல மாதத்தில் எண்ணியது. கொல்லத்தில் ஆனி, ஆடியில் என்ன மழை பெய்யும் என்று மலைக்கு இந்தப் பக்கம் சாரல் வாங்கும் நமக்குத் தெரியாதா? அதன்பிறகு ஐப்பசி, கார்த்திகை மழை வேறு. மீனவர்களைக் கேட்டுப் பாருங்கள். கேரளத்தில் விசைப்படகுகளுக்கு வருடா வருடம் ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து ஜூலை கடைசி வரை 52 நாள் மீன்பிடித் தடை. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த நாட்களிலும் படகுக்கு வட்டி ஏறும், பெயின்ட் அடிக்க வேண்டும், காவல் போட வேண்டும். படகு வைத்திருக்கிறவர்கள் ஓடாத நாளையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள்.

நாங்கள் இருவரும் திண்ணையில் உட்கார்ந்து புதுத் தாள் எடுத்தோம். அவனுக்குச் சாதகமாகவே எண்களை வைத்தேன். வருடத்தில் ஓடும் நாள் 200. அதில் சனி, ஞாயிறு, விடுமுறை 80 நாள், நாளுக்கு 15 சவாரி, ஆக 1,200. மற்ற 120 நாளும் நாளுக்கு 4, ஆக 480. மொத்தம் 1,680 சவாரி.

வரவு: 1,680 × 1,200 = 20,16,000 ரூபாய்.

பெட்ரோல்: லிட்டர் 100 ரூபாய் என்று முழு எண்ணாக வைத்தோம். வேகமும் நிதானமும் கலந்து மணிக்கு 20 லிட்டர் என்றால் பத்து நிமிடத்துக்கு 3.3 லிட்டர், 330 ரூபாய். விற்பவர் சொன்னதும் அதேதான். ஆனால் ஆள் ஏறி இறங்கும்போது என்ஜின் ஓடிக்கொண்டிருப்பது, துறையிலிருந்து வெளியே போய்த் திரும்புவது, காலையில் சூடேற்றுவது எல்லாம் சேர்த்து 400 என்று வைத்தோம். 1,680 × 400 = 6,72,000. வரவில் சரியாக மூன்றில் ஒரு பங்கு.

மிச்சம் 13,44,000. இதிலிருந்து அவன் தாளில் பாதி எழுதாமல் விட்ட செலவுகள்:

ஓட்டுநருக்கு மாதம் 20,000, உதவியாளுக்கு 15,000. மழைக்காலத்திலும் கொடுத்தால்தான் நல்ல ஆள் நிற்பார். வருடத்துக்கு 4,20,000.

துறைக்காரருக்கு வரவில் 20 சதவீதம். 4,03,200.

இன்சூரன்ஸ், பதிவு, ஆய்வுச் சான்று எல்லாமாக 60,000.

சர்வீஸ், உதிரி பாகம் 1,50,000.

தேய்மானம். 18 லட்சம் படகு ஆறு வருடம் கழித்து 6 லட்சத்துக்குப் போகும் என்றால், வருடத்துக்கு 2,00,000.

18 லட்சத்தை வங்கியில் போட்டிருந்தால் 7 சதவீத வட்டி. 1,26,000.

கூட்டினால் 13,59,200. மிச்சம் இருந்ததோ 13,44,000. வருடம் முழுக்க ஓடியும் 15,200 ரூபாய் கைநஷ்டம். 35 லட்சம் லாபம் என்று வந்த தாள் இது!

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. கூட வந்திருந்த அவன் மனைவிதான், "சார், வருஷத்துக்கு எத்தனை சவாரி போனா கைய கடிக்காது?" என்று கேட்டார். கணக்கு வாத்தியாருக்கு இதைவிட இனிப்பான கேள்வி இருக்கிறதா? ஒரு சவாரிக்கு 1,200 வரவு. அதில் பெட்ரோல் 400, துறைக்காரர் பங்கு 240 போனால் மிச்சம் 560. படகு ஓடினாலும் ஓடாவிட்டாலும் கொடுத்தே தீரவேண்டிய செலவு 9,56,000. வகுத்தால் 1,708 சவாரி. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு சவாரிக்கும் 560 ரூபாய் சொந்தம். அதற்குக் கீழே போனால் சேமிப்பில் இருந்து போகும்.

ஓட்டுநர் கைநிதானமானவராக இருந்து சவாரிக்கு ஒரு லிட்டர் மிச்சம் பிடித்தால் வருடத்தில் 1,68,000 ரூபாய். அந்த ஒரு லிட்டர்தான் நஷ்டத்தை லாபமாக்கும். அதனால் படகைவிட ஓட்டுநரைப் பார்த்து எடுப்பது முக்கியம். ஆனால் முன்னால் சொன்ன டீக்கடைப் பாலை மறந்துவிடாதீர்கள்.

சர்வீஸ் செலவு ஏன் அவ்வளவு என்று கேட்டான். ஜெட் படகின் அடிவாய் தண்ணீரை மட்டும் உறிஞ்சாது. மணல், பாசி, ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக் பை எல்லாம் உள்ளே வரும். பை அடைத்தால் நடுக்காயலில் படகு நின்றுவிடும். மணல் உள்ளே போனால் இம்பெல்லரின் ஓரம் தேயும். சக்கரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் இடையே இருக்கும் மெல்லிய இடைவெளி பெரிதாகும். தண்ணீர் பின்னுக்கே கசியும். என்ஜின் அலறும், படகு நகராது. அப்போது பெட்ரோல் செலவு சத்தமில்லாமல் கூடிக்கொண்டே போகும். உப்புத் தண்ணீரில் ஓடினால் தினமும் நல்ல தண்ணீர் விட்டு என்ஜினின் நீர்ப்பாதையைக் கழுவ வேண்டும். ஒரு வாரம் சோம்பினால் துரு பிடிக்கும்.

பெட்ரோலையே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கலந்தபோது லிட்டருக்கு ஏறக்குறைய 7 சதவீதம் ஆற்றல் குறையும். தினமும் ஓடும் பைக்கில் அது பெரிய விஷயமில்லை. மழைக்காலத்தில் இரண்டு மூன்று மாதம் நிற்கும் படகில் வேறு கதை. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவுக்கு மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகத் தங்கிவிடும். சீசன் தொடங்கி முதல் நாள் சாவி போட்டால் என்ஜின் அதைத்தான் குடிக்கும். அதனால் படகை நிறுத்திப்போடும் முன் டேங்கை என்ன செய்ய வேண்டும் என்று தயாரிப்பாளர் கொடுத்த புத்தகத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். இந்த எத்தனாலுக்கு ஏற்ற என்ஜினா என்பதையும் வாங்கும் முன்பே கேட்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் எதைக் குறைக்கலாம் என்று யோசிக்கும்போது எல்லோருக்கும் முதலில் கண்ணில் படுவது அந்த 60,000 ரூபாய். இன்சூரன்ஸ், ஆய்வுச் சான்று, லைஃப் ஜாக்கெட், ஆள் எண்ணிக்கை. "ஒரு ஆளைக் கூடுதலா ஏத்துனா 300 ரூபா சார்" என்று அவனும் சொன்னான். அப்போதுதான் என் குரல் வகுப்பறைக் குரலாக மாறியது. 2023 மே 7-ஆம் தேதி மலப்புறம் மாவட்டம் தானூரில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பாதிக்கு மேல் குழந்தைகள். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது, அளவுக்கு மீறி ஆள் ஏற்றியது. 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் 45 பேர். அந்தச் செய்திகளைப் படித்த யாரும் அந்த 300 ரூபாயைத் தொட மாட்டார்கள். அந்த ஒரு வரியில் மட்டும் பேரம் வேண்டாம்.

ஜெட் படகுக்கு ஒரு தனிப்பட்ட பாடமும் உண்டு. சாதாரணப் படகில் என்ஜினை நிறுத்தினாலும் சுக்கான் கொஞ்சம் கேட்கும். ஜெட்டில் பீய்ச்சும் தண்ணீரைத் திருப்பித்தான் படகைத் திருப்புகிறோம். பயந்துபோய் ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டுவிட்டால் திருப்பும் சக்தியும் போய்விடும். படகு நேராகவே போய் மோதும். ஓட்டத் தெரியாதவர் கையில் கொடுக்கக்கூடாத வண்டி இது.

அவன் என்ன முடிவெடுத்தான் என்று கேட்பீர்கள். முன்பணம் கொடுக்கவில்லை. பணம் வங்கியிலேயே இருக்கிறது. ஆசையை விட்டுவிடவும் இல்லை. ஏப்ரல், மே விடுமுறையில் ஒரு படகுக்காரரிடம் சம்பளத்துக்கு நின்று, பெட்ரோல் போடுவதிலிருந்து சாயங்காலம் உப்புக் கழுவுவது வரை தன் கையால் செய்து பார்க்கப்போகிறான். "ரெண்டு மாசம் நோட்டு போடுதேன் சார். அதுக்கப்புறமும் ஆசை இருந்தா உங்ககிட்ட வாரேன்" என்றான். மெதுவாகப் போகும் மின்படகு ஒன்றைப் பற்றியும் அவன் மனைவி விசாரிக்க ஆரம்பித்திருக்கிறார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்று 6 லட்சத்தைத் தனியாக எடுத்து அவர் பேரிலேயே போட்டுவிட்டார்கள். எது நடந்தாலும் அதைத் தொடுவதில்லை என்று பேச்சு.

இதைப் படிக்கும் பலர் கையிலும் ஓய்வூதியப் பணமோ, வளைகுடாப் பணமோ, வயல் விற்ற பணமோ இருக்கும். படகு என்ற இடத்தில் ஜேசிபி, டிராவல்ஸ் வேன், ஹோம் ஸ்டே எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் மாறாது. விற்பவர் சொன்ன எண்ணா, நீங்கள் எண்ணிய எண்ணா? ஓடாத நாளுக்கு யார் சம்பளம் கொடுப்பது? எத்தனை சவாரிக்குப் பிறகு முதல் ரூபாய் உங்களுக்கு? இந்த மூன்றுக்கும் உங்கள் கையெழுத்தில் பதில் வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். மாதக் கடைசிக்குள் போய்விடும் என்று அவசரப்படுத்தினால் போகட்டும். இன்னொரு படகு வரும்.

நம் மாணவர்களில் கப்பலில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள். தூத்துக்குடியில் படகு என்ஜின் மெக்கானிக்காக இருக்கும் தம்பியும் இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன். சர்வீஸ் செலவு, மணிக்கு இத்தனை லிட்டர் என்பதில் உங்கள் அனுபவம் வேறாக இருந்தால் கீழே எழுதுங்கள். அவனும் படிக்கிறான், அவனுக்கு உதவும்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதப்போகும் பேரப்பிள்ளைகளுக்கு வாழ்த்துகள். கணக்குத் தேர்வில் விடையை எழுதியபிறகு, அந்த விடை நடக்கக்கூடியதா என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். மதிப்பெண்ணுக்கும் நல்லது, பின்னாலும் உதவும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.